பகல்ல செடி சுவாசிக்கிறதைப் பிள்ளைகள் கண்ணுக்குக் காட்டுறது எப்படி?

தக்கலை_தாவரவியல் கேட்டது:

பிளஸ் ஒன் செய்முறை வகுப்புக்காகக் கேட்கிறேன். "செடி பகல்ல கார்பன் டை ஆக்சைடை எடுக்கும், ராத்திரிதான் சுவாசிக்கும்" என்பது சின்ன வகுப்பிலிருந்தே பிள்ளைகள் மனசில் பதிஞ்சு கிடக்கு. சுவாசம் இருபத்துநாலு மணி நேரமும் நடக்கும்னு சொன்னா நோட்டில் எழுதிக்கிடுறாங்க, ஆனா நம்புறதில்லை. மூடின ஜாடிக்குள்ள செம்பருத்திக் கொப்பும் ஒரு கிண்ணம் சுண்ணாம்புத் தெளிநீரும் (கார்பன் டை ஆக்சைடு பட்டா பால்போல ஆகும்) வெச்சு வெயிலில் விட்டா, நீர் தெளிவாவே இருக்கு. அதே ஜாடியைக் கறுப்புத்துணியால் சுத்தினா பால்போல ஆகுது. இதைப் பார்த்தபிறகு அவங்க நினைப்பு இன்னும் இறுகிப்போகுது.

வேலம்பாசி (ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி) வெச்சு ஆக்சிஜன் குமிழி காட்டுற சோதனையும் சரிவரலை. குழாய்த் தண்ணியில் வெச்சு வெயிலில் காட்டினா முதல் அஞ்சு நிமிஷம் குமிழி நல்லா வருது, பிறகு நின்னுடுது.

இன்னொண்ணு, உடலின் உள்சமநிலைப் பாடம் (உடம்பு தன் உள்நிலையை மாறாம காக்கிறது) ஒளிச்சேர்க்கை, சுவாசம் இந்த ரெண்டோடும் ஒட்டாம தனியா நிக்குது. மூணையும் ஒரே இழையில் கோக்க வழி வேணும். ஆய்வகத்தில் பெரிசா ஒண்ணும் கிடையாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கைக்கெட்டுற பொருளா இருந்தா நல்லது.

தேரூர்_நாரை எழுதியது:

சார், உங்க ஜாடி பொய் சொல்லலை. அது காட்டுறது நிகரக் கணக்கை மட்டும். வெயிலில் இலையோட மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள சுவாசம் நடக்கிற இடம்) விடுற கார்பன் டை ஆக்சைடு இலைத்துளை வழியா வெளியே வர்றதுக்கு முன்னாலேயே பக்கத்திலிருக்கிற பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை நடக்கிற இடம்) அதை எடுத்துக்கிடுது. அது போதாம ஜாடிக் காத்தில் இருக்கிற 0.04 சதவீதத்திலும் கை வைக்குது. செலவை விட வரவு கூடினா கையிருப்பு ஏறும். அதுக்காகச் செலவே இல்லைன்னு சொல்ல முடியாது. வெளிச்சத்தில் இலையின் சுவாசம் கொஞ்சம் தணியும் என்பது உண்மை, ஆனா நிக்காது.

அதனால வரவும் செலவும் சமமாகிற இடத்தைக் காட்டுங்க. அதுதான் ஒளி ஈடுசெய் புள்ளி. மூடி இறுக்கமா உள்ள 50 மி.லி. கண்ணாடிக் குப்பி நாலு எடுங்க. நிறங்காட்டிக்கு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிற பிஎச் சோதனை மருந்து போதும், அது புரோமோதைமால் நீலம்தான். தண்ணியில் கார்பன் டை ஆக்சைடு கூடினா மஞ்சளாகும், குறைஞ்சா நீலமாகும். அட்டையில் 6.0 முதல் 7.6 வரை அளவு போட்டிருக்கணும். அதுக்கு மேலே உள்ள அளவுக்கான மருந்தில் வேற சாயம், அது உதவாது.

தண்ணிதான் முக்கியம். கடலோரத்து ஆழ்குழாய்த் தண்ணியில் பைகார்பனேட் அதிகம். எவ்வளவு ஊதினாலும் நீலம் லேசில் மாறாது. வெறும் மழைத்தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ எடுத்தா எதிர்ப்பக்கச் சிக்கல், அது முதல்லேயே மஞ்சளா நிக்கும், நீலத்துக்கே வராது. அதனால 1 லிட்டர் மழைத்தண்ணியில் ஏறக்குறைய 0.1 கிராம், அதாவது ஒரு சின்னச் சிட்டிகை, சமையல் சோடா கரைச்சுக்கிடுங்க. 50 மி.லி.க்கு 30 சொட்டு மருந்து விட்டா நீலமாகும். ஸ்ட்ரா வெச்சு மெல்ல ஊதுங்க. நீலமும் மஞ்சளும் இல்லாம பச்சை வந்த உடனே நிறுத்திடணும்.

அ, ஆ, இ மூணு குப்பியிலும் ஒரே நீளத்தில் 5 செ.மீ. வேலம்பாசிக் கொப்பு. ஈ குப்பியில் பாசி வேண்டாம். கழுத்துவரை நிரப்பி, உள்ளே காத்து இல்லாம மூடுங்க. அ குப்பி வெளிச்சத்தில். ஆ குப்பிக்கு அலுமினியத் தாள் முழுசாச் சுத்தணும். இ குப்பிக்கு வெள்ளை வேட்டித்துணி ரெண்டு மூணு மடிப்பு. ஈ குப்பி வெளிச்சத்தில். நேர் வெயில் வேண்டாம், குப்பி சூடாகிப் பாசி வெந்துபோகும். நாலையும் ஒரு வாளித் தண்ணியில் நிக்க வெச்சு, ஜன்னலோரமோ வராண்டாவிலோ ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க.

அ நீலமாகும், ஆ மஞ்சளாகும், ஈ பச்சையாவே நிக்கும். இ குப்பிதான் பாடமே. துணி மடிப்பைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்தா ஒரு இடத்தில் அதுவும் பச்சையாவே நிக்கும். உயிரோட இருக்கிற பாசி உள்ளே இருக்கு, வெளிச்சமும் போகுது, ஆனா நிறம் மாறலை. ஏன்னு பிள்ளைகள்கிட்டே கேளுங்க. "ரெண்டும் ஒண்ணா நடக்குது" என்ற பதில் அவங்க வாயிலிருந்தே வரணும். ஈ குப்பி இல்லாம இதைச் செய்யவே கூடாது. பாசி இல்லாம நிறம் மாறினா குறை தண்ணியிலோ மூடியிலோ இருக்கு.

இனி குமிழி. முதல் அஞ்சு நிமிஷம் வந்தது பெரும்பாலும் ஒளிச்சேர்க்கைக் குமிழி இல்லை. குளிர்ந்த குழாய்த் தண்ணி வெயிலில் சூடானா அதில் கரைஞ்சிருந்த காத்து வெளியே வரும். பாசி போடாம அதே அமைப்பை வெச்சுப் பாருங்க, அதிலும் வரும். தண்ணியை முந்தின நாளே பிடிச்சு அறை வெப்பத்தில் வெச்சிடுங்க. 500 மி.லி.க்கு 1 கிராம் சமையல் சோடா கலந்தா கார்பன் பஞ்சம் வராது. கொப்பு 8 முதல் 10 செ.மீ. தண்ணிக்குள்ள வெச்சே பிளேடால் தண்டைச் சாய்வா அறுத்து, அறுத்த முனை மேலே பார்க்க வையுங்க, குமிழி அந்த வழியாத்தான் வரும். பாசி மேலே கவிழ்க்கிற புனலுக்கு அடியில் கூழாங்கல் வெச்சு 1 செ.மீ. தூக்கிவிடுங்க. புனல் அடியில் ஒட்டி உக்காந்தா உள்ளே இருக்கிற தண்ணி புதுசாகாது.

வெயிலுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு நல்லது, வெளிச்சம் மாறாது, சூடும் குறைவு. 10 செ.மீ. தூரத்தில் வெச்சு அஞ்சு நிமிஷம் காத்திருந்து, பிறகு ஒரு நிமிஷக் குமிழியை மூணு தடவை எண்ணிச் சராசரி எடுங்க. 20 செ.மீ.க்கு நகர்த்தினா வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகும். குமிழி சரியாக் கால்வாசியாகாது, ஏன்னா கிட்டத்தில் வெளிச்சம் தேவைக்கு மிஞ்சி இருந்திருக்கலாம். சேர்ந்த வாயு சுத்த ஆக்சிஜன் இல்லை, நைட்ரஜனும் கலந்திருக்கும். புனல் மேலே கவிழ்த்த சோதனைக்குழாயில் பாதியாவது சேராம தணல்குச்சி காட்டினா சும்மா அணைஞ்சுபோகும், பிள்ளைகளுக்குச் சப்புனு ஆயிடும்.

இதே குமிழியை வெச்சு 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் ரெண்டையும் எழுதிட்டார். பச்சைப் பாகம் வெளிச்சத்தில் காத்தை நல்லதாக்குது என்றும், இருட்டில் செடி முழுசும் காத்தைக் கெடுக்குது என்றும். அந்த ஆக்சிஜன் தண்ணியிலிருந்துதான் வருதுன்னு கன ஆக்சிஜனை (எடை கூடின ஆக்சிஜன்-18) வெச்சு ரூபனும் கேமனும் காட்டினது 1941-ல்.

ஒரு வேண்டுகோள். தேரூர், சுசீந்திரம் குளங்களில் பாசி பறிக்க வேண்டாம். 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த நீர்நிலை அது, பறவைகளுக்கான இடம். வயல் வாய்க்காலிலோ மீன்தொட்டிக் கடையிலோ அதே பாசி கிடைக்கும்.

தோவாளை_கேந்தி எழுதியது:

நாரை சொன்னது அருமை. ஆனா அதிலும் பகல் சுவாசம் ஊகமாத்தான் வருது. நேராவே காட்டணும்னா பச்சையம் இல்லாத பாகத்தை எடுங்க சார். பூ போதும்.

கேந்திப் பூவில் (செண்டுமல்லி) பச்சைக் காம்பையும் புல்லியையும் கிள்ளிப் போட்டு, இதழ் மட்டும் 50 கிராம். அகல வாயுள்ள 1 லிட்டர் கண்ணாடிப் பாட்டில், உள்ளே சின்னக் கிண்ணத்தில் 20 மி.லி. சுண்ணாம்புத் தெளிநீர். இன்னொரு பாட்டிலில் 50 கிராம் செம்பருத்தி இலை, மூணாவதில் ஒண்ணும் இல்லை, வெறும் தெளிநீர் மட்டும். மூணையும் நல்ல பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்க. ஒண்ணு ரெண்டு மணி நேரத்தில் பூப்பாட்டிலின் தெளிநீர் மேலே வெள்ளை ஏடு கட்டும், மெல்ல ஆட்டினா கலங்கும். மத்த ரெண்டிலும் அப்படி ஆகாது. பட்டப்பகல்ல, வெளிச்சத்தில், செடியோட ஒரு பாகம் சுவாசிக்குது. இதுக்குமேல வாதம் இல்லை.

தெளிநீர் சரியா இல்லைன்னா எல்லாம் கெடும். வெற்றிலைக்குப் போடுற சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை 1 லிட்டர் தண்ணியில் கலக்கி, மூடி, ராத்திரி முழுக்கத் தெளியவிடுங்க. ஒரு லிட்டரில் கரையுறதே ஏறக்குறைய 1.7 கிராம்தான், மீதி அடியில் தங்கும். சூடான தண்ணியில் இன்னும் குறைவாத்தான் கரையும், அதனால சுடவைக்க வேண்டாம். மேல் தெளிவை மட்டும் குலுங்காம வடிச்சு, பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடுங்க. திறந்து வெச்சா அறைக்காத்தே அதைத் தீர்த்துடும். ஸ்ட்ரா வழியா ஊதும்போது வெள்ளையான பிறகும் ஊதிக்கிட்டே இருந்தா திரும்பத் தெளிஞ்சுடும். கார்பனேட் கரையுற பைகார்பனேட்டா மாறிடுது. பிள்ளைகள் குழம்புறது இந்த இடத்தில்.

சுவாசத்தில் வெப்பம் வரும்னு காட்ட, எங்க பூச்சந்தையில் இறுக்கிக் கட்டின பிச்சிப்பூ மூட்டைக்குள்ள கையை விட்டாலே தெரியும். காத்துப் போகாம, சூடு வெளியேறாம, பத்து டிகிரி ஏறினா சுவாச வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். அது மேலும் சூட்டைக் கூட்டும், பூ தன் சர்க்கரையைத் தானே எரிச்சு வதங்கிடும். ஈரத்துணி போடுறதும் ராத்திரிக் குளிர்ச்சியில் வண்டி ஏத்துறதும் இதனாலதான்.

வகுப்புக்குச் சிறுபயறு போதும். 400 கிராம் எடுத்து 8 மணி நேரம் ஊறவெச்சு, 12 மணி நேரம் துணியில் கட்டி முளை விடுங்க. பாதியை 10 நிமிஷம் வேகவெச்சு ஆறவிடுங்க. ரெண்டு பங்கையும் தனித்தனியா, ஒரு பங்கு வெளுப்பு நீருக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்ததில் 10 நிமிஷம் போட்டு அலசணும். அலசலைன்னா வெந்த பயறில் பாக்டீரியா வளர்ந்து அதுவும் சூடாகும், "செத்த விதையும் சுவாசிக்குது" என்று முடிவெழுதிடுவாங்க. ரெண்டு தெர்மாஸ் குடுவையில் முக்கால்வாசி போட்டு, வெப்பமானிக் குமிழ் பயறுக்கு நடுவில் இருக்கிற மாதிரி வெச்சு, வாயைப் பஞ்சால் அடைங்க. மூடி போட்டுத் திருகினா ஆக்சிஜன் தீர்ந்துடும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு நாள் குறிச்சா போதும், முளைப்பயறுக் குடுவை சில டிகிரி மேலே நிக்கும்.

களியக்காவிளை_மாணவி எழுதியது:

ஒரு சந்தேகம் சார். ராத்திரி புளியமரத்தடியில் படுத்தா மரம் விடுற கார்பன் டை ஆக்சைடால மூச்சு முட்டும்னு வீட்டுல சொல்றாங்களே, அது சரியா?

தேரூர்_நாரை எழுதியது:

இல்லை மோளே. சும்மா படுத்திருக்கிற ஒரு ஆள் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 மி.லி. கார்பன் டை ஆக்சைடு விடுறார். எட்டு மணி நேரத்துக்கு 96 லிட்டர். ஒரே அறையில் நாலு பேர் படுக்கிறோம், ஒண்ணும் ஆகிறதில்லை. மரம் நிக்கிறது திறந்த வெளியில், விடுற வாயு அங்கேயே தேங்காது. படுக்கையறைத் தொட்டிச்செடி விடுறது பக்கத்தில் தூங்குறவங்க விடுறதை விட மிகமிகக் குறைவு. மரத்தடியில் கிளை முறியும், பூச்சி கடிக்கும் என்று பயந்தா அதில் நியாயம் உண்டு.

பனைவிளை எழுதியது:

ஆக்சிஜன் இல்லாத சுவாசத்தையும் சேர்த்துக்காட்டுங்க, செலவு குறைவு. 10 கிராம் கருப்பட்டியை 100 மி.லி. தண்ணியில் கரைச்சுத் துணியில் வடிகட்டுங்க, அதில் மண்ணும் நாரும் இருக்கும். கொதிக்கவெச்சு 35 முதல் 40 டிகிரிக்கு ஆறவிடணும். கொதிக்கவெச்சதால கரைஞ்ச ஆக்சிஜன் போயிடும். 3 கிராம் உலர் ஈஸ்ட் போட்டுக் கலக்கி, மேலே ஒரு செ.மீ. தேங்காய் எண்ணெய் ஊத்துங்க, காத்து உள்ளே போகாது. தக்கையில் குழாய் சொருகி, மறுமுனை சுண்ணாம்புத் தெளிநீரில். இருபது முப்பது நிமிஷத்தில் குமிழி வரும், தெளிநீர் கலங்கும். கொதிக்கிற கரைசலிலேயே ஈஸ்டைப் போட்டா செத்துப்போகும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒண்ணும் வராது. குழாயை எதுக்காகவும் அடைச்சுடாதீங்க, குப்பி வெடிக்கும்.

ஈஸ்ட் கருப்பட்டியின் சுக்ரோசை முதல்ல ரெண்டாப் பிளக்கும். பிறகு ஒரு குளுக்கோசிலிருந்து ரெண்டு எத்தனால், ரெண்டு கார்பன் டை ஆக்சைடு. மிச்சம் ரெண்டே ஏடிபி (செல் தன் வேலைக்குச் செலவழிக்கிற சக்தி மூலக்கூறு). அதே குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியா வழியா முழுசா எரிஞ்சா 30 முதல் 32 வரை. மீதிச் சக்தியெல்லாம் ஆல்கஹாலிலேயே பூட்டிக் கிடக்கு. அதனாலதான் அது எரியுது.

அக்கானி (பதநீர்) இறக்குற கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுறது இதைத் தடுக்கத்தான். காரத்தன்மை ஏறினா ஈஸ்டும் பாக்டீரியாவும் வளராது. தடவாத கலயத்தில் சூரியன் ஏறுறதுக்குள்ள புளிப்பு வந்துடும்.

கிழங்குக்கறி எழுதியது:

உள்சமநிலையைக் கோக்கக் கேட்டீங்க. சுவாசத்தை நிறுத்தினா என்ன ஆகும் என்பதிலிருந்து போங்க. நம்ம வீட்டு மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கிலேயே அந்தப் பாடம் இருக்கு. செய்முறை வேண்டாம், சொல்லிக்கொடுத்தா மட்டும் போதும்.

மரச்சீனி இலையிலும் தோலிலும், கொஞ்சம் கிழங்கிலும் லினமரின் என்ற பொருள் இருக்கு. திசு நசுங்கினா லினமரேஸ் என்ற நொதி அதை உடைக்கும், ஹைட்ரஜன் சயனைடு வரும். சயனைடு மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் தொடரில் கடைசிப் படியான சைட்டோகுரோம் ஆக்சிடேசில் போய் ஒட்டிக்கிடும். எலக்ட்ரானை ஆக்சிஜன்கிட்டே கைமாத்த முடியாது. பின்னால உள்ள தொடர் முழுசும் தேங்கிப்போகும், ஏடிபி நின்னுபோகும்.

இலையைத் தின்ன ஆடு சில நிமிஷத்தில் மூச்சு வாங்கி, தள்ளாடி, விழும். அப்போ அதன் சிரைரத்தம் கூடப் பளிச்சுனு சிவப்பா இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கு, செல்லுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியலை. மூச்சு விடுறதும் செல்சுவாசமும் வேற வேற என்பதை இதைவிடத் தெளிவா எந்தப் படமும் காட்டாது. கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசியாப் போடுவார். முதலாவது ஹீமோகுளோபினில் ஒரு பங்கை மாத்தி அதுக்கே சயனைடைப் பிடிச்சுக்கிடச் செய்யும். ரெண்டாவது அதைத் தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்பும். நேரம் நிமிஷக் கணக்குதான், அதனால இலையையும் தோலையும் ஆட்டுக்கு எட்டுற இடத்தில் போடவே கூடாது.

ஏன் இத்தனை வேகமாக் கொல்லுது? ஏடிபியை உடம்பு சேமிச்சு வைக்கிறதில்லை. ஒரு ஆள் ஒரு நாளில் ஏறக்குறைய தன் எடையளவு ஏடிபியை உண்டாக்கிச் செலவழிக்கிறார், ஆனா எந்த நேரத்திலும் கைவசம் இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஒவ்வொரு செல்லிலும் மூணு சோடியத்தை வெளியே தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும். ஏடிபி நின்னா பம்பு நிக்கும், சோடியம் உள்ளே ஏறும், நரம்பும் இதயத்தசையும் வேலையை விடும். இங்கேதான் உங்க மூணு பாடமும் சேருது சார். இலை வெயிலைச் சர்க்கரையாக்குது, மைட்டோகாண்ட்ரியா அதை ஏடிபியாக்குது, அந்த ஏடிபியைச் செலவழிச்சுத்தான் உடம்பு தன் உள்நிலையை நிறுத்தி வைக்குது. சமநிலை தானா நிக்கிறதில்லை.

சமைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. தோலை நல்லா உரிச்சு, சின்னத் துண்டா நறுக்கி, நிறையப் பச்சைத்தண்ணியில் போட்டு மெல்லச் சூடேத்துங்க. கொதிக்கிற தண்ணியில் நேராப் போட்டா லினமரேஸ் உடனே செயலிழக்கும், லினமரின் உடையாம கிழங்கில் தங்கிடும். பாத்திரத்தை மூட வேண்டாம், சயனைடு ஆவியாப் போகட்டும், அதோட கொதிநிலையே 26 டிகிரிதான். வெந்ததும் அந்தத் தண்ணியை வடிச்சு ஊத்திடணும், குழம்புக்கு எடுக்கக் கூடாது. கிழங்குக்கு மீன்கறி தொட்டுக்கிடுறதும் நல்ல ஏற்பாடு. மிச்சமிருக்கிற சயனைடைத் தயோசயனேட்டாக்கக் கல்லீரலுக்குக் கந்தகம் வேணும், அது மீன் புரதத்தின் அமினோ அமிலத்திலிருந்து கிடைக்கும்.

குலசேகரம்_பால்வெட்டு எழுதியது:

செடிக்கும் உள்சமநிலை உண்டு, அதைச் சொல்லாம விடாதீங்க. ரப்பர்மரத்தை விடியலுக்கு முன்னால, தலையில் விளக்கு கட்டி வெட்டுறது வெயிலுக்குப் பயந்து மட்டும் இல்லை. ராத்திரி இலைத்துளை மூடி, வேர் எடுத்த தண்ணி பால்குழல்களை விம்ம வைக்கும். அப்போ உள்ளழுத்தம் 10 வளிமண்டலத்தைத் தாண்டி நிக்கும். வெயில் ஏறி இலை நீராவி விடத் தொடங்கினா அது இறங்கும், அதே வெட்டில் பால் குறையும். பால்குழல்கள் நேர்க்குத்தா இல்லாம கொஞ்சம் வலப்பக்கம் சாய்ஞ்சு ஏறும், அதனால வெட்டு இடது மேலிருந்து வலது கீழே, ஒட்டுமரத்துக்கு 30 டிகிரி சரிவில். அப்படிப் போட்டாதான் நிறையக் குழல் அறுபடும். வளர்படைக்கு (பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வளர்ற படலம்) 1 மி.மீ. முன்னால நிறுத்தணும். அது வெட்டுப்பட்டா பட்டை முடிச்சு முடிச்சா வளரும், அடுத்த தடவை அந்த இடத்தில் கத்தி ஓடாது.

அந்தப் பால் வர்றது இலையில் செஞ்ச சுக்ரோசிலிருந்து. அது கிளைக்கோலிசிஸ் (சர்க்கரையைப் பிளக்கிற முதல் கட்டம்) வழியா அசெட்டைல் கோஎன்சைம் ஏ ஆகும். அங்கேதான் வழி பிரியுது. ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிற கிரெப்ஸ் சுழற்சிக்குள்ள போய் ஏடிபியாகும், இன்னொரு பங்கு ஐசோப்ரீன் அலகுகளாகி ரப்பராகும். தினமும் வெட்டினா மரம் சுவாசத்துக்கும் வளர்ச்சிக்கும் வெச்ச சர்க்கரையும் பாலாப் போகும். பிறகு வெட்டின இடத்தில் பாலே வராம பட்டை காய்ஞ்சுபோகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைச்சுற்று வெட்டுறதும், இலை உதிர்ந்து துளிர்க்கிற காலத்தில் வெட்டை நிறுத்துறதும் இந்தக் கணக்குக்காகத்தான். இலையே இல்லாதபோது சர்க்கரை எங்கேயிருந்து வரும்?

கடலோர_செவிலி எழுதியது:

மனித உடம்புக்கு ஒரு நல்ல செய்முறை சொல்றேன். உக்காந்திருக்கும்போது ஒரு நிமிஷ மூச்சு எண்ணிக்கை, நாடித்துடிப்பு, அக்குள் வெப்பநிலை மூணையும் குறிக்கணும். பிறகு ரெண்டு மாடிப் படி மூணு தடவை ஏறி இறங்கி, உடனேயும் 3, 5, 10 நிமிஷத்திலும் திரும்பக் குறிங்க. மூச்சும் நாடியும் ஏறி இறங்கும், வெப்பநிலை அனேகமா அசையாது. அசையாததுதான் பாடம். தசை செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் வேலையாகுது, மீதி வெப்பம். தோலுக்கு ரத்தத்தைத் திருப்பியும் வேர்வையை ஆவியாக்கியும் உடம்பு அதை வெளியே தள்ளுது. ஒரு கிராம் வேர்வை ஆவியானா ஏறக்குறைய 580 கலோரி போகும், சொட்டிக் கீழே விழுந்தா ஒண்ணும் போகாது. முப்பந்தல் காத்தில் வேர்வை உடனே காயும். குளச்சலில் ஈரக்காத்து நிக்கிற நாளில் அதே வெப்பத்துக்குச் சட்டை நனைஞ்சும் சூடு தணியாது. ஆஸ்துமாவோ இதயக்கோளாறோ உள்ள பிள்ளைகளைப் படி ஏற விடாதீங்க, அவங்க குறிச்சு எழுதட்டும்.

மூச்சு ஏன் கூடுது என்று கேட்டா எல்லாரும் ஆக்சிஜன் குறைஞ்சதால என்பாங்க. சாதாரண நேரத்தில் மூச்சை ஓட்டுறது கார்பன் டை ஆக்சைடு. அது ரத்தத்தில் ஏறினா அமிலத்தன்மை ஏறும், மூளைத்தண்டு அதை உணர்ந்து மூச்சைக் கூட்டும். ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிக்கிறது இந்த மாதிரிக் காவலால.

இதை நம்ம கரையில் கட்டாயம் சொல்லிக்கொடுக்கணும், உயிர்ப் பிரச்சினை. கடற்பாறைகளில் சிப்பி எடுக்க மூச்சடக்கி மூழ்குறவங்க சிலர், முங்குறதுக்கு முன்னால வேகவேகமா மூச்சு இழுத்து விடுறது உண்டு. அதனால ஆக்சிஜன் கூடுறதில்லை. ஹீமோகுளோபின் முதல்லேயே 97, 98 சதவீதம் நிறைஞ்சுதான் இருக்கு. இறங்குறது கார்பன் டை ஆக்சைடு மட்டும், அதாவது எச்சரிக்கை மணியை நாமளே கழட்டி வைக்கிறோம். அடியில் மூச்சுத்தவிப்பு வராமலேயே ஆக்சிஜன் தீர்ந்துக்கிட்டே இருக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ரெண்டு மடங்கு, அதனால அங்கே இருக்கிற ஆக்சிஜனே மூளைக்குப் போதுமானதாத் தெரியும். மேலே வரும்போது அழுத்தம் பாதியாகும், நுரையீரல் ஆக்சிஜனின் அழுத்தமும் அதோட விழும், தண்ணிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரங்களே போறது இப்படித்தான். முங்குறதுக்கு முன்னால சாதாரண மூச்சு ரெண்டு மட்டும் போதும். ஒருத்தர் முங்கும்போது இன்னொருத்தர் மேலேயிருந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். முங்கின நேரத்துக்கு ரெண்டு மடங்காவது மேலே இளைப்பாறணும்.

உப்பு, தண்ணிச் சமநிலைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே கையில் கொடுங்க. 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. குளுக்கோஸ் தெம்புக்காக மட்டும் இல்லை. குடல்சுவரில் ஒரு கடத்தி ரெண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோசையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும், தண்ணி அது பின்னால போகும். அந்தச் சோடியத்தைச் செல்லிலிருந்து ரத்தத்துக்குத் தள்ளுறது கிழங்குக்கறி சொன்ன அதே பம்புதான். பொட்டலம் இல்லைன்னா 1 லிட்டர் சுத்தத் தண்ணியில் தலைதட்டின ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரையைக் கூட்டினா குடலுக்குள்ள தண்ணியை இழுத்து வயித்துப்போக்கைக் கூட்டும். அரைப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்குறதும் தப்பு.

தக்கலை_தாவரவியல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செவிலி அக்கா, ஓ.ஆர்.எஸ்.க்குப் பதில் இளநீர் கொடுக்கலாமான்னு பிள்ளைகள் கண்டிப்பாக் கேட்பாங்க, அதுக்கு என்ன சொல்லட்டும்? பனைவிளை அண்ணே, ஏடிபி 30 என்கிறீங்க, பழைய கைடில் 36, 38 என்று இருக்கே?

கடலோர_செவிலி எழுதியது:

இளநீரில் பொட்டாசியம் அதிகம், 100 மி.லி.க்கு ஏறக்குறைய 200 முதல் 250 மி.கி., சோடியம் குறைவு. வயித்துப்போக்கில் அதிகமா இழக்கிறது சோடியம். அதனால கூடக் குடிக்கலாம், அதுவே போதும்னு விடக்கூடாது. சிறுநீரகம் பழுதானவங்களுக்கு இளநீர் ஆபத்து. பொட்டாசியம் வெளியேறாம ரத்தத்தில் ஏறினா இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

பனைவிளை எழுதியது:

பழைய கணக்கு எலக்ட்ரான் சுமக்கிற மூலக்கூறுகளில் ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எப்ஏடிஎச்2-வுக்கு 2 என்று முழு எண்ணா வெச்சது. மைட்டோகாண்ட்ரியச் சவ்வுக்கு வெளியே புரோட்டான் தேங்கி, அது திரும்பி ஓடும்போதுதான் ஏடிபி உண்டாகுதுன்னு பீட்டர் மிட்செல் 1961-ல் சொன்னார், 1978-ல் நோபல் கிடைச்சது. அந்தப் புரோட்டானில் ஒரு பங்கு ஏடிபியை வெளியே அனுப்பவும் பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரவும் செலவாகும். அதைக் கழிச்சா 2.5, 1.5 என்று வரும். 10 என்ஏடிஎச்சுக்கு 25, 2 எப்ஏடிஎச்2-வுக்கு 3, நேரடியா 4, மொத்தம் 32. சைட்டோசாலில் உண்டான ரெண்டு என்ஏடிஎச் எந்தக் கடத்து வழியா உள்ளே போகுது என்பதைப் பொறுத்து 30 ஆகலாம். பரீட்சையில் இப்போதைய பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணையே எழுதச் சொல்லுங்க, கூட்டின விதத்தை ஒரு வரியில் காட்டச் சொல்லுங்க.

தேரூர்_நாரை எழுதியது:

சார், ரெண்டு பீரியடுதான் கிடைக்கும்னா பூப்பாட்டிலையும் நாலு குப்பியையும் காலை முதல் மணியிலேயே வெச்சிடுங்க, மதியத்துக்கு முன்னால நிறம் தெரிஞ்சிடும். சிறுபயறை முந்தின நாள் காலையிலேயே ஊறப்போட்டா சாயங்காலம் துணியில் கட்டலாம். புரோமோதைமால் மருந்தில் கொஞ்சம் மிச்சம் வையுங்க, முதல் தடவை தண்ணி சரிவராம போனா திரும்பச் செய்ய வேண்டிவரும்.